பேசினுக்குள் பதினேழு குஞ்சுகள்

2019 பெப்ரவரி. மகனுக்குப் பதினொரு வயது முடிந்த இரவு. கொழும்புக்குத் தெற்கே கல்கிசைக் கடற்கரையில், தண்டவாளத்துக்கும் கடலுக்கும் நடுவில் வரிசையாக இருக்கிற சாப்பாட்டுக் கடைகளில் ஒன்றில் உட்கார்ந்திருந்தோம். பத்தரை மணியிருக்கும். கொத்து ரொட்டி பாதி முடிந்திருந்தது. கரண்டி விழுந்ததென்று மேசைக்குக் கீழே குனிந்த மகன், "அம்மா, நண்டு" என்றான்.

நண்டென்றால் பக்கவாட்டில் ஓடும். இது நேரே போனது. என் செருப்பின் மேல் ஏறி இறங்கி, கதிரைக் காலில் முட்டி, விலகி, மறுபடியும் நேரே. நெருப்புப்பெட்டியை விடச் சின்னதாக, நனைந்த கரி நிறத்தில் ஒரு கடலாமைக் குஞ்சு. கடல் எங்களுக்கு முன்னால் முப்பது நாற்பது அடியில் இரைந்துகொண்டிருக்க, அது கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கடையின் வெள்ளை விளக்கைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது.

அரை மணித்தியாலத்தில் பதினேழைப் பொறுக்கினோம். ஒன்று கழிவறைக் கதவடியில். இரண்டு மோட்டார் சைக்கிள் சில்லுக்குப் பக்கத்தில். ஒன்று தண்டவாளம் வரைக்கும் போய், இரும்பின் மேல் ஏற முடியாமல் அதன் ஓரமாகவே கல்லுக்குள் நீந்துகிற மாதிரி ஊர்ந்துகொண்டிருந்தது. குசினிப் பெடியன் நீல நிற பேசின் ஒன்று தந்தான். கடல் தண்ணீர் அள்ளி அதற்குள் விட்டோம். உடனேயே நீந்தத் தொடங்கின. "பாவம், தண்ணிக்குத் தவிச்சிருக்குதுகள்" என்று சொன்னது நான்தான்.

அப்போதே கடலுக்குள் போகவிட்டிருக்கலாம். ஆனால் எனக்கு இரண்டு யோசனை. இந்த இருட்டில் இவ்வளவு சின்ன உயிர்கள் எங்கே போகும், விடிந்ததும் வெளிச்சத்தில் விடுவோம் என்பது ஒன்று. வெள்ளவத்தை வீட்டில் இருக்கிற அப்பாவுக்கும் காட்ட வேண்டும் என்பது மற்றது. பேசினை மடியில் வைத்துக்கொண்டு ஓட்டோவில் வீட்டுக்கு வந்தோம்.

அப்பா யாழ்ப்பாணத்துக் குருநகர் ஆள். அந்தக் காலத்தில் ஆமை இறைச்சி சமைத்த வீட்டில் வளர்ந்தவர், அதை மறைக்கவும் மாட்டார். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பேசினுக்குள் பார்த்தார். "பிள்ளை, கடலுக்குப் போற சாமானை ஏன் கோப்பைக்குள்ள வைச்சிருக்கிறாய்?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் படுக்கப் போய்விட்டார்.

இரவு முழுக்க அந்தச் சத்தம். பிளாஸ்டிக் சுவரில் சின்னத் துடுப்புகள் உரசுகிற சத்தம், நிற்கவே இல்லை. விடிய ஐந்து மணிக்கு அது குறைந்தபோது, தூங்குகின்றன என்று நினைத்தேன்.

ஏழு மணிக்குக் கல்கிசைக்குத் திரும்பிப் போய், அலையோரத்தில் பேசினைச் சரித்தோம். இரவு முழுக்கத் துள்ளிய குஞ்சுகள் கையைக் காலை அசைக்கவே யோசித்தன. ஒரு அலை கொண்டுபோனதை அடுத்த அலை திருப்பிக் கொண்டுவந்து போட்டது. காகங்களை நாங்கள் கவனித்தபோது நேரம் பிந்திவிட்டது. மகனின் கண் முன்னாலேயே நான்கு போயின. அவன் கத்திக்கொண்டு ஓடினான். காகம் கொஞ்சம் தள்ளிப் போயிருந்து கொத்தியது.

உயிர்காப்புப் பணியில் இருந்த இளைஞர் ஒருவர் வந்து பேசினைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். என்ன வேலை செய்கிறீர்கள் என்று சிங்களத்தில் கேட்டார். ஆசிரியை என்றேன். "மிஸ், அப்படியென்றால் இதையும் கொஞ்சம் படித்திருக்கலாமே" என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார். அதனால்தான் இன்னும் மறக்கவில்லை.

அன்றைக்குப் பிறகு படித்தேன். நான் செய்த ஒவ்வொன்றும் பிழை என்பது விளங்க அதிக நாள் எடுக்கவில்லை.

குஞ்சு முட்டையை விட்டு வரும்போது, மிச்சமிருக்கிற மஞ்சள் கருவை வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டுதான் வருகிறது. அதுதான் அதன் கட்டுச்சோறு. கரையோரம் முழுக்கத் தின்னக் காத்திருக்கிற மீன்களைத் தாண்டி ஆழ்கடலுக்குப் போய்ச் சேரும்வரை, முதல் ஒரு நாளுக்கு மேல் நிற்காமல் நீந்துவதற்கான சக்தி அந்தச் சோற்றில்தான் இருக்கிறது. தண்ணீர் பட்டவுடன் அந்த ஓட்டம் தொடங்கிவிடும். பேசினுக்கும் இந்து சமுத்திரத்துக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. என் வீட்டு வரவேற்பறையில் அவை நீந்தித் தீர்த்தது அந்தப் பயணத்தைத்தான்.

இருட்டு, நான் பரிதாபப்பட்ட அந்த இருட்டு, அவற்றுக்குக் கவசம். மணல் சூடு தணிவதைத் தெரிந்துகொண்டுதான் அநேகமாக இரவில் குழியை விட்டு மேலே வருகின்றன. அடிவானத்தில் தாழ்வாக எங்கே வெளிச்சம் கூடவோ அந்தப் பக்கம் கடல் என்பது அவற்றின் கணக்கு. விளக்கில்லாத காலத்தில் அந்தக் கணக்கு பிழைத்ததில்லை. இன்றைக்குக் கல்கிசையில் கடலை விடக் கடை வெளிச்சமாக இருக்கிறது.

இதை விட ஒரு சங்கதி. 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் 1972 முதல் இலங்கையில் கடலாமைகள் பாதுகாக்கப்பட்டவை. முட்டையையோ குஞ்சையோ ஆமையையோ எடுத்து வைத்திருப்பது குற்றம். நான் அதை ஓட்டோவில் காலி வீதி வழியாகக் கொண்டு வந்திருக்கிறேன்.

குஞ்சுகள் வழி மாறி நிற்பதைக் கண்டால் என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு இப்போது நான் சொல்வது இது. முதலில் விளக்கை அணைக்கச் சொல்லுங்கள். பிறகு 1992க்கு அழையுங்கள். அது வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் இலக்கம். அவர்கள் வரும்வரை குஞ்சுகளை ஒதுக்கி வைக்கத்தான் வேண்டுமென்றால், ஈர மணல் போட்ட, தண்ணீர் இல்லாத பெட்டி. மேலே ஒரு துணி. கையில் வைத்துப் படம் எடுக்க வேண்டாம். விடச் சொன்னால், அலைக்குள் போடாமல், அலைக்குச் சில அடி மேலே மணலில், அன்றிரவே, இருட்டில் விடுங்கள். கடைசி இருபது அடியையாவது அவை தாங்களாகவே நடக்கட்டும்.

அதே வருடக் கடைசியில் பாடசாலைச் சுற்றுலா தெற்குப் பக்கம் போனது. கொஸ்கொடைக்கும் பெந்தோட்டைக்கும் இடையில் ஆமைக் குஞ்சு பொரிப்பகங்கள் பல இருக்கின்றன. ஒன்றில் இறங்கினோம். சீமெந்துத் தொட்டியில் மூன்று நாள் குஞ்சுகள் நூற்றுக்கணக்கில். பிள்ளைகள் கையில் தூக்கிப் படம் எடுத்தார்கள். எனக்கு அந்த உரசல் சத்தம்தான் காதில் விழுந்தது. முழுக்கக் குறை சொல்லவும் எனக்கு மனமில்லை. அந்த இடங்கள் இல்லாவிட்டால் அந்த முட்டைகளில் பெரும்பகுதி யாருடைய சட்டிக்குள்ளாவது போயிருக்கும். ஆனாலும் போகிறவர்கள் இரண்டு கேள்வி கேட்கலாம். பொரித்த அன்றிரவே விடுகிறீர்களா? முட்டை முழுக்க வெயிலிலா, முழுக்க நிழலிலா? இரண்டாவது கேள்வி வேடிக்கையாகத் தெரியும். ஆமைக்கு ஆணும் பெண்ணும் மணலின் சூட்டில்தான் தீர்மானமாகிறது. ஏறத்தாழ 29 பாகைக்கு மேலே போனால் பெண் கூடும், கீழே வந்தால் ஆண் கூடும். வசதிக்கு ஒரு கூரை போட்டால், தெரியாமலே ஒரு தலைமுறையின் ஆண்பெண் கணக்கை மாற்றிவிடலாம்.

2020 பெப்ரவரியில் நடந்ததைச் சொல்ல இன்னும் கூச்சமாக இருக்கிறது. இம்முறை தனி ஆளாக இல்லாமல் ஊரே சேர்ந்து செய்தோம். அலை எட்டுகிற இடத்துக்கு மிகக் கிட்ட ஒரு ஆமை முட்டையிட்டுவிட்டுப் போயிருந்தது. மூன்றாம் நாள் கடல் கொஞ்சம் ஏறியது. கடற்கரையில் பந்தடிக்கிற பெடியள் நல்ல மனசோடு தோண்டி, வாளியில் போட்டு, மேட்டில் புதிதாகக் குழி வெட்டிப் புதைத்தார்கள். நான் ரோச் லைற் பிடித்தேன். முட்டைகளை அப்போதுதான் கிட்டத்தில் பார்த்தேன். பிங்பொங் பந்து அளவு, ஆனால் ஓடு கடினமில்லை. விரல் பட்டால் குழி விழுந்து மெல்ல நிமிரும். வாளிக்குள் அவை ஒன்றின் மேல் ஒன்று உருண்டன. நூற்றுக்கு மேல்.

ஐம்பது நாள் எண்ணினோம். அதற்குள் கொரோனா ஊரடங்கு வந்தது. எழுபது நாள் தாண்டி அதிகாரிகள் திறந்து பார்த்தபோது ஒன்றுகூடப் பொரிக்கவில்லை. பறவை முட்டையைத் தாய் புரட்டிப் புரட்டி அடைகாக்கும். ஆமை முட்டையில் கதை வேறு. இட்டுச் சில மணித்தியாலங்களில் கரு மேல் ஓட்டின் உட்புறத்தில் ஒட்டிக்கொண்டு வளரத் தொடங்கும். அதற்குப் பிறகு சில வாரங்களுக்கு உருட்டினால், புரட்டினால் அந்தப் பிடி அறுந்து கரு செத்துப்போகும். மாற்றுவதென்றால் இட்ட இரவே, மேல் பக்கம் மேலாகவே இருக்கத்தக்கதாக, தெரிந்தவர் கையால் மாற்ற வேண்டும். மூன்றாம் நாள் வாளியில் போட்டுக் குலுக்கியது, கடலே வந்து அள்ளிக்கொண்டு போயிருப்பதற்குச் சமம். அந்தப் பெடியளில் ஒருவன் இப்போதும் என்னைக் கண்டால் அந்தக் கதையை எடுக்கமாட்டான். நானும் எடுப்பதில்லை.

அதே 2020இல்தான் கடலுக்குள்ளிருந்து மணல் இறைத்துக் கல்கிசைக் கரையில் கொட்டினார்கள். கரை அகலமாயிற்று, பார்க்க நன்றாயிருந்தது. மழைக்காலத்துக் கடல் வந்து பெரும்பகுதியை அரித்துக்கொண்டு போனது. இடுப்பளவு மணல் மதில் மாதிரி வெட்டுப்பட்டு நின்ற இடங்களில் ஆமையால் ஏற முடியாது. இதற்கு என்னைப் போன்றவர்கள் செய்யக்கூடியது ஒன்றுமில்லை.

அடுத்த வருடம் எக்ஸ்பிரஸ் பேர்ள். 2021 மே 20ஆம் திகதி கொழும்புத் துறைமுகத்துக்கு வெளியே கப்பல் தீப்பிடித்தது. கொரோனாப் பயணத்தடையில் வீட்டுக்குள் அடைபட்டு, மொட்டை மாடியில் நின்று புகையைப் பார்த்தோம். ஜூனில் மூழ்கியது. பிறகு கடற்கரைக்குப் போனபோது மணலின் மேல் வெள்ளையாகப் படிந்து கிடந்ததைப் பார்த்து, "சவ்வரிசி கொட்டினது ஆர்?" என்று அப்பா கேட்டார். கப்பலில் இருந்து வந்த பிளாஸ்டிக் மணிகள். அந்த மாதங்களில் செத்த ஆமைகள் நாட்டின் பல கரைகளில் ஒதுங்கின. ஒன்றை நானே வெள்ளவத்தையில் ரயில் பாதைக்குக் கீழே, கருங்கல்லுக்கு இடையில் கண்டேன். முதுகோட்டின் ஓரம் வெளிறி உரிந்திருந்தது. மகன் கிட்டப் போகவில்லை. இன்றைக்கும் அலை விட்டுப்போன கோட்டில் கையை வைத்துக் கிளறினால் அந்த மணிகள் ஐந்தாறு ஒட்டிக்கொண்டு வரும்.

நல்லது நடந்தது நாடு கெட்டிருந்தபோது. 2022 மார்ச்சில் மின்வெட்டு ஒரு கட்டத்தில் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை போனது. பெற்றோலுக்கு வரிசை, காஸுக்கு வரிசை. வீட்டுப் புழுக்கம் தாங்காமல் ஒரு இரவு மகனோடும் தம்பி குடும்பத்தோடும் கல்கிசைக்கு நடந்தே போனோம். என் வாழ்நாளில் அந்தக் கரையை அப்படி இருட்டாகப் பார்த்ததில்லை. வெள்ளி தெரிந்தது.

அலையிலிருந்து ஒரு கல் எழுந்து நடந்து வருகிற மாதிரி இருந்தது. தம்பி போனை எடுக்கப் போக, மகன் அவன் கையைப் பிடித்துக் கீழே அமர்த்தினான். "மாமா, இப்ப லைற் அடிச்சா திரும்பிப் போயிடும்." உண்மை. முட்டையிடத் தொடங்குமுன் ஆமை மிகவும் பயந்த சீவன். ஒரு வெளிச்சம், ஒரு ஆள் நிமிர்ந்து நின்றால் போதும், அப்படியே திரும்பிவிடும். இடத் தொடங்கிய பிறகுதான் ஒரு விதமாகத் தன்னை மறக்கும். நாங்கள் பின்பக்கமாக, தூரத்தில், மணலில் குந்தியிருந்தோம்.

முன் துடுப்புகளால் வாரி அடித்த மணல் என் கண்ணாடியில் வந்து விழுந்தது. பிறகு பின் துடுப்புகள். கை மாதிரி வளைந்து, ஒன்று ஒரு பிடி மணல் அள்ளி வெளியே வைக்க, மற்றது உள்ளே போகும். குழியைப் பார்க்காமலே. மகன் மூச்சுக் கூட விடவில்லை. முட்டை இட்டு முடித்து மணலை மூடிய பிறகு நடந்ததை நான் எந்தப் படத்திலும் கண்டதில்லை: இடமும் வலமுமாக உடம்பைத் தூக்கித் தூக்கி மணலில் அடித்தது. தொம், தொம், தொம். மேளம் இறுக்குகிற மாதிரி. அந்த இடி எங்கள் பாதத்தில் தெரிந்தது. அப்படிக் குழியை இறுக்குவது ஒலிவ் ரிட்லி இனம். தமிழ்நாட்டுக் கடலோரத்தில் பங்குனி ஆமை என்பார்கள். இலங்கைக் கரைக்கு வருகிற ஐந்து இனங்களில் சிறியது அதுதான். கண்ணில் நீர் வடிந்துகொண்டிருந்ததைப் பார்த்து மச்சாள் "அழுகுது" என்றாள். உடம்பில் சேருகிற உப்பைக் கண்ணோரச் சுரப்பியால் வெளியேற்றுகிறது, அவ்வளவுதான். ஆனால் அந்த நேரத்தில் நான் மச்சாளைத் திருத்தப் போகவில்லை.

காலையில் சுவடு கிடந்தது, இடது துடுப்பும் வலது துடுப்பும் மாறி மாறி. பேராமையென்றால் இரண்டு பக்கமும் ஒன்றாக ஊன்றிய தடம் இருக்கும். இரண்டையும் பிரித்தறிய இதுவே போதும். தகவல் சொன்னோம், தடத்தைக் காலால் அழித்தோம். குழியடியில் கொடி, கல் அடையாளம் எதுவும் வைக்கவில்லை. அடையாளம் வைத்தால் பாதுகாப்பென்று முன்பு நினைத்திருந்தேன். அது கள்ளனுக்கும் நாய்க்கும் சேர்த்து வழி காட்டுகிறது. தண்டவாளத்துத் தந்திக் கம்பத்திலிருந்து எத்தனை எட்டு நடந்தால் குழி என்று மகன் கொப்பியில் எழுதினான்.

நாய்தான் கல்கிசையில் பெரிய சிக்கல். அதிகாரிகள் குழியின் மேல் கம்பி வலையைத் தட்டையாக விரித்து ஓரங்களைப் புதைத்தார்கள். குஞ்சு வரும் அளவுக்கு வலைக்கண் பெரிது, நாய் தோண்ட முடியாது. நாய் ஏன் அங்கே வருகிறது என்பதை நாங்களே யோசிக்கலாம். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுப் பொதியை லன்ச் ஷீற்றோடு அப்படியே மணலில் விட்டுவிட்டு வருகிறோம். சோற்றுக்கு நாயும் காகமும் கபரகொயா என்கிற நீர் உடும்பும் வருகின்றன. மிஞ்சிய பிளாஸ்டிக் ஷீற் கடலுக்குள் போய் ஜெலிமீன் மாதிரி மிதக்கிறது. ஆமை அதை விழுங்குகிறது. புண்ணியத்துக்குத் தெரு நாய்க்குச் சோறு போடுகிற எங்கள் ஆட்களிடம் இதைச் சொல்லிப் பேச்சு வாங்கியிருக்கிறேன். போடுங்கள், தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் போடுங்கள் என்பதுதான் என் சமரசம்.

மிச்சமிருந்தது விளக்கு. குஞ்சு வரும் காலத்துக்குள் மின்சாரம் திரும்பிவிடுமே என்ற பயம் எனக்கு. கடை முதலாளியிடம் ஏற்கெனவே இரண்டு தடவை போய்ப் பேசித் தோற்றிருந்தேன். "லைட் இல்லாட்டி ஆள் வராது மிஸ்" என்பார். நியாயம்தான். மூன்றாம் தடவை எல்லா விளக்கையும் அணைக்கச் சொல்லிக் கேட்கவில்லை. கடலைப் பார்க்கிற இரண்டு ஃபோக்கஸ் விளக்கு மட்டும். அவற்றையும் பதினொரு மணிக்குப் பிறகு, நாற்பத்தைந்தாம் நாளிலிருந்து அறுபதாம் நாள் வரைக்கும். இரண்டே கிழமை. திகதி எழுதிய கடதாசியையும் கொடுத்தேன். சரி என்றார். அன்றைக்குத்தான் ஒன்று பழகினேன்: முதலாளியை விட இரவு வோச்சரிடம் பேச வேண்டும், ஏனென்றால் சுவிட்ச் அவர் கையில். அந்த மனிதர் அம்பலாங்கொடைப் பக்கத்து ஆள். சின்ன வயதில் ஆமை முட்டை விற்றதை அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். எனக்கு அப்பாவின் ஞாபகம் வந்தது.

ஐம்பத்திரண்டாம் நாள் குழியின் மேல் மணல் உள்ளங்கை அளவு பள்ளமாகியிருந்தது. அன்றிரவு வந்தன, தண்ணீர் கொதித்துப் பொங்குகிற மாதிரி மணலுக்குள்ளிருந்து. விளக்கில்லை. யாரும் தூக்கவில்லை, யாரும் எண்ணவும் இல்லை. ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன். விடிய மறுபடி போய்ப் பார்த்தோம். எல்லாத் தடமும் கடல் பக்கம். இரண்டு மட்டும் கடைப் பக்கம் கொஞ்சம் போய்த் திரும்பியிருந்தன. எங்கள் பிளாற்றின் விளக்கு ஒன்றுதான் காரணமோ என்று மகன் பகிடி விட்டான். வெள்ளவத்தை எங்கே, கல்கிசை எங்கே.

ஓகஸ்டில் மின்கட்டணம் ஏறியபோது அந்த முதலாளி தாமாகவே வெள்ளை விளக்குகளைக் கழற்றி, மங்கல் மஞ்சள் விளக்குப் போட்டு, மேலே தகரத்தால் தொப்பி மாதிரி மறைப்பு வைத்தார். வெளிச்சம் கீழே மேசைக்கு மட்டும். ஆமைக்காகச் செய்தேன் என்று இப்போது வருகிறவர்களுக்கெல்லாம் சொல்கிறார். சொல்லட்டும்.

போன பெப்ரவரியில் ஒரு இரவு, ஒன்று பத்துக்குப் போன் அடித்தது. வோச்சர்.

"மிஸ், ஆள் வந்திருக்கு. தோண்டுது."

எழும்பி உட்கார்ந்தேன். மகனின் அறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது, உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிறான்.

"லைட்?"

"ஓஃப்."

"நாய்?"

"கட்டிப் போட்டாச்சு."

"நாங்க வரவா?"

கொஞ்சம் யோசித்தார். "வந்து என்ன செய்யப் போறீங்க மிஸ்?" என்றார்.

காலையில் கம்பத்திலிருந்து எட்டு எண்ண வருகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.